வினாக்கணக்கும் உரைநெறியும்

கணக்கு மொழி கடந்தது என்று கூறுதல் வழக்கம். எண்ணுக்கு நாடில்லை, கூட்டலுக்கு இலக்கணம் வேண்டா, ஆதலின் கணக்கறிவு வேறு, மொழியறிவு வேறு எனக் கொள்வார் பலர். எண்கள் எண்களாகவே முன்வைக்கப்படுங்கால் இக்கூற்று ஓரளவு பொருந்தும். ஆனால், பள்ளி மாணாக்கர் பெரிதும் அஞ்சுவது எண்களைக் கண்டு அன்று. சொற்றொடராக வரும் கணக்கைக் கண்டே அஞ்சுகின்றனர். ‘ஒரு வணிகன்’ என்றோ ‘ஒரு தந்தை’ என்றோ தொடங்கி, ‘எத்துணை?’ என்று முடியும் அவ்வகைக் கணக்கை ஈண்டு வினாக்கணக்கு என்று குறிப்போம். அதனைச் சமன்பாடு அமைத்துத் தீர்க்கும் முறையில் மொழிக்குள்ள இடம் யாது என்பதே இக்கட்டுரையின் ஆய்பொருள். கணிதத் துறையார்க்கு உரிய பொருளைத் தமிழ்த்துறையார் எடுத்தாள்வது ஏன் என்று கேட்பார்க்கு விடை கட்டுரையின் போக்கிலேயே புலனாகும்.

இம்முறையில் மூன்று செயல்கள் உள்ளன. அறியா எண்ணுக்குப் பெயரிடுதல் ஒன்று. வினாவின் செய்தியைச் சமன்பாடாக அமைத்தல் ஒன்று. அச்சமன்பாட்டைத் தீர்த்தல் ஒன்று. இறுதிச் செயலுக்குத் திட்டமான விதிகள் உண்டு. பழகியவர் பிழையின்றிச் செய்வர். முதற்செயலும் எளிதே. இடர்ப்பாடெல்லாம் நடுவில் நிற்பதிலே உள்ளது. அதனைக் கணித நூலார் ‘மொழிபெயர்ப்பு’ என்னும் ஒரு சொல்லால் விளக்கிச் செல்வர். 1707-இல் இலத்தீன் மொழியில் வெளிவந்த தம் பொது எண்கணித நூலில் நியூட்டன் இவ்வுவமையை ஆண்டார். 1945-இல் தீர்க்கும் நெறி பற்றி நூல் எழுதிய போலியா அதனை எடுத்து விரித்தார். அன்று தொட்டுக் கற்பிப்போர் அனைவரும் ‘சொற்றொடரைக் குறியீட்டு மொழிக்குப் பெயர்த்திடுக’ என்றே கூறிவருகின்றனர். இவ்வுவமை முழுதும் பொருந்துவதன்று என்பதும், சமன்பாடு அமைத்தல் மொழிபெயர்ப்பை ஒப்பதினும் நம் உரையாசிரியர் செய்த உரைத்தொழிலையே பெரிதும் ஒக்கும் என்பதும் எம் கருத்து.

வரலாற்றை மிகச் சுருக்கமாக நோக்குவோம். வினாக்கணக்கு பழையது, சமன்பாடு அத்துணைப் பழையதன்று. கி.மு. 1550-ஐ ஒட்டி எகிப்தில் ஆமெசு என்பவர் படியெடுத்த சுவடியில், ஒரு குவியலும் அதன் ஏழிலொரு பங்கும் சேர்ந்து 19 எனின் குவியல் யாது என்னும் வினா உள்ளது. அங்குக் காணப்படும் தீர்வில் அறியா எண்ணுக்குப் பெயரில்லை. குவியலை 7 என வைத்துக்கொண்டால் ஏழிலொன்று கூட்ட 8 ஆகும்; 8 எத்துணை மடங்காயின் 19 ஆகுமோ அத்துணை மடங்கு 7-ஐப் பெருக்குக என்பதே முறை. விடை 16⅝. பாற்கரர் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய லீலாவதியில் இத்தகைய வழி இஷ்டகர்மம் எனப் பெயர் பெறும். அவரே பீசகணிதத்தில் வேறு நெறியை மேற்கொள்கின்றார். ஆண்டு அறியா எண்ணுக்கு ‘யாவத்தாவத்’ என்று பெயர்; எவ்வளவோ அவ்வளவு என்பது அதன் பொருள். அதன் முதலெழுத்தாகிய ‘யா’ என்பதைக் குறியாக நிறுத்தி, அறிந்த எண்ணைப் போலவே அதனையும் கூட்டியும் கழித்தும் கொண்டு செல்வார். ஒன்றுக்கு மேற்பட்ட அறியா எண்கள் வரின் காளகம், நீலகம், பீதகம் என நிறங்களின் பெயர் இடுவார். பாக்தாதில் 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்குவாரிச்மியோ குறியீடே இன்றிச் சமன்பாடு முழுவதையும் சொற்றொடராகவே எழுதினார். ஆதலின் குறியீடு இம்முறைக்கு உயிர் அன்று. அறியாததற்குப் பெயரிட்டு அதனை அறிந்தது போல ஆள்வதே உயிர். அல்குவாரிச்மியின் நூலில் பெரும்பகுதி இறந்தார் பொருளை உறவினர்க்குப் பங்கிடும் கணக்கு ஆகும் என்பதும் நினைக்கத்தக்கது. அக்கணக்கில் ஒரு சொல்லைப் பிறழ உணரின் ஒருவர் உரிமை கெடும்.

இவ்விடத்து ஒன்று கூறல் வேண்டும். காரி நாயனார் இயற்றியதாக வழங்கும் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளைத்தொகை அறியும் வழி உரைக்கப்படுகின்றது. காம்பை அடுத்த முள்ளை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுக்க என்பது அது. இதனைக் காட்டித் தமிழர் அன்றே இயற்கணிதம் வல்லார் என்று மேடையில் மகிழ்வாரும் உளர். பாராட்டு வேறு, வகைப்பாடு வேறு. அறிந்த முள்தொகையிலிருந்து நேரே சுளைத்தொகையை மதிப்பிடும் வாய்பாடு அது. அறியா எண்ணொன்று நிபந்தனைக்குள் அகப்பட்டு நிற்கும் வினா அன்று. நமக்கு உண்மையான செல்வம் வேறிடத்தில் இருக்கின்றது. அதனைக் காணச் சில வினாக்களை நுணுகி நோக்குதல் வேண்டும்.

நியூட்டன் எடுத்துக்காட்டிய வணிகன் கணக்கே முதற்கண் நிற்கட்டும். ஒரு வணிகன் தன் பொருளை ஆண்டுதோறும் மூன்றிலொரு பங்கு பெருக்குகின்றான். குடும்பச் செலவுக்கென ஆண்டுதோறும் 100 பொன் கழிகின்றது. மூன்றாண்டில் அவன் பொருள் இருமடங்காயிற்று. தொடக்கத்தில் இருந்தது எத்துணை? நியூட்டன் இதற்கு இரு பத்திகள் வரைகின்றார். இடப்பத்தியில் சொற்கள், வலப்பத்தியில் குறியீடுகள். வணிகனிடம் உள்ள பொருள் என்பதற்கு நேரே ய. முதலாண்டில் 100 செலவிடுகின்றான் என்பதற்கு நேரே ய − 100. எஞ்சியதை மூன்றிலொன்று பெருக்குகின்றான் என்பதற்கு நேரே (4ய − 400)/3. இவ்வாறே இரண்டாம் ஆண்டின் இறுதியில் (16ய − 2800)/9 என்றும், மூன்றாம் ஆண்டின் இறுதியில் (64ய − 14800)/27 என்றும் ஆகும். இஃது 2ய என்பதற்குச் சமம் ஆதலின் 10ய = 14800; ய = 1480.

கற்பிப்போர் இப்பட்டியலைக் காட்டி, ‘பாருங்கள், மொழிபெயர்ப்பு எத்துணைத் தெளிவு!’ என்று வியப்பர். ஆனால், இடப்பத்தியில் உள்ள சொற்கள் வினாவின் சொற்கள் தாமா என்று எவரும் கேட்பதில்லை. வினாவில் பெருக்குதல் முன்னும் செலவு பின்னும் நின்றன. இடப்பத்தியிலோ செலவு முன்னும் பெருக்குதல் பின்னும் நிற்கின்றன. ‘எஞ்சியதை’ என்னும் சொல் வினாவில் இல்லை. இடப்பத்தியில் புதிதாக வந்தது. பெருக்கிய பின்னரே செலவு கழிந்தது என்று ஒருவர் கொள்வாராயின், முதலாண்டின் இறுதியில் பொருள் (4ய − 300)/3 ஆகும். மூன்றாண்டின் இறுதியில் (64ய − 11100)/27 ஆகும். விடை 1110 என வரும். கணக்கில் இரண்டும் பிழையற்றவை. வேறுபட்டது பொருள்கோள் ஒன்றே.

இதனால் பெறப்படுவது யாது? வினாவுக்கும் சமன்பாட்டுக்கும் இடையே மூன்றாவது ஒன்று உள்ளது. அது நியூட்டனின் இடப்பத்தி. மூலத்தின் சொற்களைப் பிரித்து, முன்பின்னாக நின்றவற்றைக் கொண்டுகூட்டி, தொக்கு நின்றதை விரித்து, வரிசைப்படுத்தி வைத்த பகுதி அது. தமிழில் இதன் பெயர் உரை. பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் செய்த தொழிலுக்கும் இதற்கும் அளவில் வேறுபாடு உண்டு, வகையில் இல்லை. குறியீடாகப் பெயர்க்கப்படுவது உரையே அன்றி மூலம் அன்று. மொழிபெயர்ப்பு என்னும் உவமை இவ்விடைநிலையை மறைத்து விடுகின்றது. போலியா இதனை முற்றும் அறியாதவர் அல்லர். சொல்லுக்குச் சொல் பெயர்க்கத் தகும் இடமும், சொல்லை விட்டுப் பொருளைப் பற்ற வேண்டிய இடமும் உண்டு என்று அவரே வேறுபடுத்திக் காட்டினார். அவர்பால் கற்றார் அவ்வேறுபாட்டை விட்டு உவமையை மட்டும் பற்றிக்கொண்டனர்.

இனி, இவ்வணிகன் கணக்கைத் தமிழில் எங்ஙனம் சொல்லலாம் என்று நோக்குவோம். ‘ஒரு வணிகன் ஆண்டுதோறும் 100 பொன் செலவிட்டு, எஞ்சியதை மூன்றிலொரு பங்கு பெருக்கினான்’ என்றால் ஐயத்துக்கு இடமே இல்லை. ‘செலவிட்டு’ என்பது செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்; முடிக்கும் வினைக்கு முன்நிகழ்வை உணர்த்துவது. ‘பெருக்கி, 100 பொன் செலவிட்டான்’ என்று மாற்றின் மற்றைச் சமன்பாடு தானே அமையும். எவ்வினை முன், எவ்வினை பின் என்பதைக் காட்ட இன்றைய குறியீட்டு மொழி அடைப்புக்குறியை நாடுகின்றது. தமிழ் எச்சத்தாலே காட்டிவிடுகின்றது. நன்னூலார் வினையெச்ச வாய்பாடுகளை வகுத்தபோது கணக்கை நினைத்தார் என்று யாம் கூறவில்லை. அவர் வகுத்த கருவி கணக்குக்கும் உதவுகின்றது என்பதே கூறுகின்றோம்.

இரண்டாவதாகக் கொள்ளத்தக்கது தியோபாந்தசு என்னும் அலெக்சாந்திரியக் கணித அறிஞரின் வாழ்நாள் பற்றிய வினா. கிரேக்கப் பாடற்றொகையின் 14-ஆம் பகுதியில் கல்லறைப் பாடல் வடிவில் அஃது உள்ளது. அவர் வாழ்நாளில் ஆறிலொரு பங்கு பிள்ளைப் பருவம். மேலும் பன்னிரண்டிலொரு பங்கு கழியத் தாடி அரும்பியது. மேலும் ஏழிலொரு பங்கு கழிய மணம் நிகழ்ந்தது. ஐந்தாண்டின் பின் மகன் பிறந்தான். அம்மகன் தந்தையின் வாழ்நாளிற் பாதியளவு எய்தி மாண்டான். நான்காண்டு துயருற்றுத் தந்தையும் இறந்தார். பெரும்பாலார் அமைக்கும் சமன்பாடு இது:

ய/6 + ய/12 + ய/7 + 5 + ய/2 + 4 = ய

முதல் மூன்று பங்கும் சேர்ந்து 11/28. பாதியும் சேர 25/28. ஆகவே ய-வின் 3/28 பங்கு 9; ய = 84. இதுவே எங்கும் சொல்லப்படும் விடை.

ஆயினும், ‘தந்தையின் வாழ்நாளிற் பாதி’ என்பது எதனைச் சுட்டும்? தந்தை முடிவில் எய்திய முழு வாழ்நாளையா, மகன் இறந்தபோது தந்தைக்கு இருந்த அகவையையா? பின்னையது எனின், மகன் வாழ்ந்தது (ய − 4)/2 ஆண்டு. அதனை இட்டு அமைப்பின் ய-வின் 3/28 பங்கு 7 ஆகும்; ய = 65⅓. இவ்விடையையும் சரிபார்க்கலாம். மகன் பிறந்தபோது தந்தைக்கு 30⅔. மகன் வாழ்ந்ததும் 30⅔. அப்போது தந்தைக்கு 61⅓. நான்கு கூட்ட 65⅓. எவ்வகையானும் குற்றமில்லை. இரண்டனுள் ஒன்றைத் துணிவது எங்ஙனம்? கணக்கு இதற்கு விடை தாராது. உரையாசிரியர் பாடலின் பிற பகுதிகளோடு இயைவது எது என்று நோக்குவர். ஆறிலொன்று, பன்னிரண்டிலொன்று, ஏழிலொன்று என்னும் பங்குகள் மூன்றும் முழு எண்ணாக அமைதற்குரிய மிகச் சிறிய எண் 84. பாடியவர் பங்குகளைத் தேர்ந்த கருத்து அதுவே என்று கொள்ளுதல் பொருத்தம் உடைத்து. மேலும், முன்னர் மூன்று இடத்தும் பங்குக்கு முதலாக நின்றது முழு வாழ்நாளே ஆதலின், நான்காம் இடத்து மட்டும் முதலை மாற்றுதல் நடைக்கு ஒவ்வாது. இவை உரைமுறையான காரணங்கள். தமிழில் இவ்வினாவை எழுதுவார் ‘வாழ்நாளிற் பாதி’ என்றோ ‘அக்காலத்துத் தந்தைக்கு இருந்த அகவையிற் பாதி’ என்றோ தெளிந்த சொல்லை இட்டால் இத்துணை ஆராய்ச்சியும் வேண்டா. வினா எழுதுவார் சொல்லில் சோம்புவராயின், அதற்குரிய விலையை மாணாக்கர் மதிப்பெண்ணாகக் கொடுக்கின்றனர்.

மூன்றாவது சான்று அமெரிக்க நாட்டது. கிளெமெண்ட், லோக்கெட், மாங்கு என்னும் மூவர் 1981-இல் வெளியிட்ட ஆய்வுரையில், ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரைப் போல் ஆறு மடங்கு மாணாக்கர் உளர் என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னதன் விளைவைக் கூறுகின்றனர். மாணாக்கர் தொகை ம, ஆசிரியர் தொகை ஆ எனின், வேண்டுவது ம = 6ஆ. நுண்கணிதம் பயிலும் நிலையிலிருந்த கல்லூரி மாணாக்கருள் மூன்றிலொரு பங்கினர்க்கு மேற்பட்டோர் பிழைபட எழுதினர். பிழைகளுள் பெரும்பாலானவை 6ம = ஆ என்னும் ஒரே வடிவின. கல்வியில்லார் அல்லர் இவர். பொறியியல் கற்க வந்தவர். அவர்களை வழுப்படுத்தியவற்றுள் ஒன்று மொழிபெயர்ப்பு என்னும் அவ்வுவமையே என்பது நோக்கத்தக்கது. ஆங்கிலத் தொடரில் ஆறு என்பதை அடுத்து மாணாக்கரும், பின்னர் ஆசிரியரும் வருவர். அவ்வரிசையில் சொல்லுக்குச் சொல் குறியிட்டவர் பிழைபட்டனர்.

தமிழில் இச்செய்தியை மூன்று வகையாகச் சொல்லலாம். ‘ஆசிரியரைப் போல் ஆறு மடங்கு மாணாக்கர் உளர்’ என்பது ஒன்று. ‘ஓர் ஆசிரியருக்கு ஆறு மாணாக்கர் வீதம் உளர்’ என்பது மற்றொன்று. ‘மாணாக்கர் தொகை ஆசிரியர் தொகையின் ஆறு மடங்கு’ என்பது பிறிதொன்று. முதல் இரண்டிலும் ஆறும் மாணாக்கரும் அணுகி நிற்றலின், ஆங்கில மாணாக்கர் செய்த பிழையே ஈண்டும் எழ இடமுண்டு. மூன்றாவதில் அவ்விடமில்லை. ‘மாணாக்கர் தொகை’ எழுவாய். ‘ஆறு மடங்கு’ பெயர்ப்பயனிலை. ஆங்கிலம் இவ்விடத்து வேண்டும் துணைவினையைத் தமிழ் வேண்டுவதில்லை. எழுவாய் ஒருபாலும் பயனிலை ஒருபாலும் நிற்க, இடையில் வினைச்சொல் யாதும் இன்றி வாக்கியம் முற்றுப்பெறும். எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே சமக்குறியை இட்டால் அதுவே சமன்பாடு: ம = ஆ × 6. எழுவாய் பெயரைக் கொண்டு முடிதலைத் தொல்காப்பியர் பயனிலை வகைகளுள் ஒன்றாக வைத்துச் சென்றமை அறிவோம். சமன்பாட்டுக்கு இதனினும் நெருங்கிய வாக்கிய வடிவம் வேறு மொழியில் உண்டோ என்பது ஆராயத்தக்கது. இம்மூன்று வடிவங்களையும் தமிழ் மாணாக்கரிடம் தனித்தனியே கொடுத்துச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். யாம் கூறியது இலக்கணத்தால் எதிர்பார்க்கப்படுவதே அன்றிச் சோதனையால் துணிந்தது அன்று.

மேற்காட்டிய பிழைக்கு இன்னொரு வாயிலும் உண்டு. பிழைபட்டார் பலர் ‘ம’ என்னும் எழுத்தை மாணாக்கர் என்னும் பெயரின் சுருக்கமாகக் கொண்டனர். 6ம என்பதை ‘ஆறு மாணாக்கர்’ என்று படித்தனர். எழுத்து பொருளைக் குறிப்பதன்று; பொருளின் தொகையைக் குறிப்பது. பெயரிடும் முதற்செயலிலே ‘ம என்பது மாணாக்கர் தொகை’ என்று முழுமையாக எழுதும் பழக்கம் இருப்பின் இவ்வழு பெரிதும் குறையும். முதற்செயல் எளிது என்று மேலே கூறினோம். எளிது என்பதற்காகக் கைவிடத்தக்கது என்பது கருத்தன்று.

வேற்றுமையுருபும் இவ்வாறே நுணுகி நோக்கத்தக்கது. ‘அவ்வெண்ணின் ஏழு மிக்கது’ என்பதையும், ‘அவ்வெண்ணின் ஏழு மடங்கு’ என்பதையும் ஒப்பிடுக. முன்னையது ய + 7, பின்னையது 7ய. ‘அவ்வெண்ணின் ஏழு’ என்னுமளவும் இரண்டும் ஒன்றே. முன்னையதில் இன் என்பது ஐந்தாம் வேற்றுமை உருபு; ஒப்பும் எல்லையும் அதன் பொருள்களுள் அடங்கும் என நன்னூலார் கூறுவர். பின்னையதில் அது சாரியை; ஆறாவதன் உருபு தொக்கு நின்றது. கூட்டலா பெருக்கலா என்பதை உருபு தனித்து நின்று காட்டாது. முடிக்கும் சொல்லை நோக்கியே துணிதல் வேண்டும். தொடரை இறுதிவரை படியாமல் எண்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் மாணாக்கன் இவ்விரண்டையும் வேறுபடுத்த மாட்டான்.

அவ்வாறு பொறுக்கி எடுக்கவே இன்று பல இடங்களில் பயிற்றுகின்றனர். ‘மிகுதி என வரின் கூட்டுக; குறைவு என வரின் கழிக்க; மடங்கு என வரின் பெருக்குக’ என்று சொற்பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்விப்பர். கண்ணனிடம் 24 மாம்பழம் உள. அவை முருகனிடம் உள்ளவற்றினும் 7 மிகுதி. முருகனிடம் உள்ளவை எத்துணை? பட்டியலை நம்பியவன் 31 என்பான். சமன்பாடு அமைப்பவன் முருகன் பழத்தொகையை ய என்று கொண்டு ய + 7 = 24 என எழுதி 17 என்பான். பட்டியல் முறை சில போழ்து சரியான விடை தருதலே அதன் பெருங்கேடு; மாணாக்கன் அதனை நம்பத் தொடங்கி விடுகின்றான். உரை எழுதுவோன் நிகண்டை மட்டும் கொண்டு செய்யுளுக்குப் பொருள் கூறப் புகுந்தால் நேர்வதும் இதுவே.

தமிழ் வழிக் கல்வியில் வினாக்கணக்கு கடினமாயிருத்தலைக் கண்டு, அறிவியலுக்குத் தமிழ் போதாது என்பாரும் உளர். அவர் கூற்றுக்கு விடையிறுக்குமுன், நாம் மாணாக்கர் கையில் கொடுக்கும் தமிழ் எத்தன்மையது என்பதை நோக்குதல் வேண்டும். ‘ஒரு எண்ணானது மற்றொரு எண்ணைவிட 7 அதிகமாக இருக்கிறது, எதனுடைய இருமடங்கு 30 ஆக இருக்கிறதோ, அந்த எண்ணைக் காண்க.’ இஃது எந்நூலினின்றும் எடுத்ததன்று. அத்தகைய நடைக்குச் சான்றாக யாமே அமைத்தது. ‘எதனுடைய’ என்பது எந்த எண்ணைத் தழுவும்? மற்றோர் எண்ணை எனின், அது 15, விடை 22. முதலெண்ணை எனின் விடையே 15. ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னே தொங்கும் சார்புத்தொடரை அவ்வாறே தமிழிலும் தொங்கவிட்டமையால் வந்த கேடு இது. தமிழ்ப் பெயரெச்சம் பெயருக்கு முன்னே நின்று அதனையே தழுவும். ‘இருமடங்கு 30 ஆகிய ஓரெண்ணினும் 7 மிக்க எண் யாது?’ என்று கேட்டால் ஐயமில்லை, சொல்லும் பாதியாயிற்று. குற்றம் தமிழின்பால் உள்ளதா, பெயர்ப்பின்பால் உள்ளதா என்பதை அறிஞர் தீர்மானிக்க.

எனினும், தமிழ் ஐயமே விளைக்காத மொழி என்று கூறுதல் நடுவுநிலை ஆகாது. ‘மும்மடங்கு மிகுதி’ என்பது மூன்று மடங்கா, முன்னிருந்ததனோடு மேலும் மும்மடங்கு கூடி நான்கு மடங்கா? வழக்கில் இரு பொருளும் பயில்கின்றன. ‘மும்மடங்கு’ என்று மட்டும் கூறி ‘மிகுதி’யை விடுதலே தக்கது. ‘அது’ என்னும் சுட்டும் இடர் தரும். ‘ஓரெண்ணின் இருமடங்கு 30, அதனினும் 7 மிக்க எண் யாது?’ என்றால், ‘அது’ 30-ஐச் சுட்டுமோ, எண்ணைச் சுட்டுமோ? ‘அவ்வெண்’ என்று பெயரோடு சேர்த்துச் சுட்டின் தெளிவு பிறக்கும். பின்ன எண்ணை ‘மூன்றில் இரண்டு’ என்று கூறும்போது பகுதி முன்னும் தொகுதி பின்னும் வருகின்றன; ⅔ என்று எழுதும்போது தொகுதி மேலும் பகுதி கீழும் நிற்கின்றன. சிறுவர் தலைகீழாக எழுதுதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

தொடரில் சொல்லப்படாததை வருவித்து உரைத்தலும் உரையாசிரியர் கடன். ‘தந்தையின் வயது மகன் வயதின் மும்மடங்கு, பன்னிரண்டாண்டின் பின் அது மகன் வயதின் இருமடங்காகும்’ என்னும் எளிய வினாவைக் கொள்க. மகன் வயது ய. தந்தை வயது 3ய. மாணாக்கர் பலர் 3ய + 12 = 2ய என்று எழுதுவர். ‘பன்னிரண்டாண்டின் பின்’ என்பது தந்தையை ஒட்டி நின்றதால், மகன் வளராமல் நின்றுவிடுகின்றான்! மகனுக்கும் பன்னிரண்டு கூடும் என்பது தொடரில் இல்லை. உலகியலால் வருவிக்க வேண்டுவது. 3ய + 12 = 2(ய + 12) என அமைத்தால் மகன் 12, தந்தை 36 என விடை வரும். குழாயும் தொட்டியும் பற்றிய கணக்குகளில் வருவிக்க வேண்டுவன இன்னும் மிகுதி. அவற்றை விரிப்பின் பெருகும்.

தீர்வு பெற்ற பின்னரும் உரைத்தொழில் ஓய்வதில்லை. தந்தைக்கு 40, மகனுக்கு 16. எத்துணை ஆண்டில் தந்தை வயது மகன் வயதின் மும்மடங்காகும்? 40 + ய = 3(16 + ய) என அமைத்துத் தீர்த்தால் ய = −4 என வருகின்றது. மாணாக்கன் திகைத்துத் தன் கணக்கை அழிக்கின்றான். அழிக்க வேண்டியது கணக்கையன்று, வினாவின் எதிர்காலத்தை. நான்காண்டின் முன் தந்தைக்கு 36, மகனுக்கு 12. மும்மடங்கு அன்றே ஆயிற்று. ‘ஆகும்’ என்று கேட்டவர்க்கு ‘ஆயிற்று’ என்று சமன்பாடு விடை கூறுகின்றது.

எல்லா இடத்தும் இங்ஙனம் எதிர்ம எண்ணை ஏற்றுப் பொருள் காண இயலாது. பாற்கரரின் பீசகணிதத்தில் குரங்குக் கூட்டம் பற்றிய வினா ஒன்று உண்டு. கூட்டத்தின் ஐந்திலொரு பங்கில் மூன்று குறைத்து, அதனை வருக்கமாக்கிய அளவு குரங்குகள் குகை புகுந்தன. ஒன்று மட்டும் வெளியே காணப்பட்டது. சமன்பாட்டைத் தீர்ப்பின் 50, 5 என இரு விடைகள் கிடைக்கின்றன. கணக்களவில் இரண்டும் நேரியவை. 50-இன் ஐந்திலொன்று 10, மூன்று குறைய 7, வருக்கம் 49, ஒன்று சேர 50. 5-இன் ஐந்திலொன்று 1. மூன்று குறைய −2. அதன் வருக்கம் 4. ஒன்று சேர 5. பாற்கரர் பின்னையதைக் கொள்ளவில்லை. எதிர்ம எண்ணாகிய குரங்குத்தொகையை உலகோர் ஒப்பார் என்பது அவர் கூறும் காரணம். சமன்பாடு தந்த இரண்டனுள் ஒன்றைத் தள்ளியபோது அவர் எந்தக் கணித விதியையும் காட்டவில்லை. உலகோர் வழக்கையே காட்டினார்.